நான்காம் எண் கடிதம்

ஆகஸ்ட் 6

அன்புள்ள வாலுக்கு,

உன் அம்மா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். முழங்கால் மட்டும் பயணத்தில் என்னோடு சண்டை போட்டுவிட்டு இப்போதுதான் சமாதானத்துக்கு வந்திருக்கிறது. உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, இல்லை பழுதுபார்க்கப் போகும் லிஃப்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறாரா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முணுமுணுப்பாய். போனில் நீ நாலு முறை "ம்" கொட்டுவாய், ஒரு முறை "அப்புறம்" என்பாய், வைத்துவிடுவாய். கடிதத்தில் அரைப் பக்கமாவது நிரப்பியாக வேண்டும். ஆகவே போன் அப்பாவுக்கு, கடிதம் உனக்கு. இதுதான் ஒப்பந்தம்.

எனக்கு விடுதியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். காப்பாளர் அம்மா என் பெட்டியையும் என் நரைமுடியையும் பார்த்துவிட்டு, "பொண்ணை விட வந்தீங்களா?" என்றார். "இல்லைங்க, என்னையே விட வந்திருக்கேன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாவிக்கொத்து விழுந்துவிட்டது.

கல்லூரி நிர்வாகப் படிப்புக்கான இன்டர்ன்ஷிப்பில் என்னைப் போட்டிருப்பது இந்தக் கல்லூரி அலுவலகத்தின் வருகைப் பதிவுப் பிரிவில். பன்னிரண்டு இரும்பு அலமாரி, நாலு மேஜை, சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்த ஒரே ஜன்னல். பிரிவின் கண்காணிப்பாளர் ரப்பர் முத்திரையைக் குத்துமுன் ஒவ்வொரு முறையும் அதன்மேல் "ஹா" என்று வாயால் ஊதுகிறார். ஒரு நாளில் இருநூறு "ஹா". மனத்துக்குள் அவருக்கு ஹா சார் என்று பெயர் வைத்துவிட்டேன். கூட இரண்டு பயிற்சி மாணவர்கள். இருவரும் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிடுவதா "மேடம்" என்று கூப்பிடுவதா எனத் தெரியாமல் எதுவும் கூப்பிடாமல் இருமுகிறார்கள்.

ஒரு வேடிக்கை கேள். வருகைப் பதிவைப் படிக்க வந்த எங்களுக்கும் வருகைப் பதிவு உண்டு. மொத்தம் தொண்ணூறு வேலைநாள். ஐந்து நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் அடுத்த ஆண்டு முதலிலிருந்து வரவேண்டும். நான் தினமும் ஒன்பது மணிக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பத்தொன்பது வருடம் பள்ளி அலுவலக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சலான் வாங்கியவள் நான். ஒரு கல்லூரி அலுவலகத்தை நடத்தும் நாற்காலியில் ஒரு நாளாவது உட்காராமல் விடுவதில்லை.

வகுப்பு எப்படிப் போகிறது? அரைப் பக்கம், மறக்காதே.

ஆசையுடன்,
அம்மா

—

ஆகஸ்ட் 15

மாண்புமிகு பயிற்சி அதிகாரி அம்மாவுக்கு,

வாலு எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நலம். உன் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள். தலைவலி வந்துபோய்க்கொண்டு இருக்கிறது, தங்குவதில்லை.

அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறார். அவரே சமைப்பதால் பசியில்லாமலே சாப்பிட்டு முடித்துவிடுகிறார். நேற்று ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்று உள்ளே ஒரு கல்யாண மாப்பிள்ளை மாட்டிக்கொண்ட கதையைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை உள்ளே அழுத விஷயத்தை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அவர் கெஞ்சினாராம். அதையும் சேர்த்தே சொல்கிறார். அப்பா வாயில் ஒன்றும் தங்காது என்பது உனக்குத் தெரியாததா?

புள்ளியியல் இரண்டாம் ஆண்டு முதல் ஆண்டைவிடக் கடினம். புதிய துறைத் தலைவி வந்திருக்கிறார். மணி அடிக்கும்போது வலது காலை வகுப்புக்குள் வைப்பார். ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாங்கள் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்கிறோம்.

அம்மா, ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு என் குடல்வால் ஆபரேஷனுக்காக நீ பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு வந்தாய். "அதனாலென்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சிரித்துக்கொண்டே சொன்னாய். அடுத்த வருடம் வரவில்லை, அதற்கடுத்த வருடம்தான் வந்தது. இந்தத் தடவை நான் தும்மக்கூட மாட்டேன். தொண்ணூறையும் முடித்துவிட்டு வா.

இத்துடன் அரைப் பக்கத்துக்கு மேல் இரண்டு வரி அதிகம்.

உன்,
வாலு

—

ஆகஸ்ட் 27

அன்புள்ள வாலுக்கு,

நலம். இன்றோடு பதினெட்டு நாள், ஒரு விடுப்பும் இல்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆபரேஷன் பேச்சை எடுக்காதே. தும்மலை அடக்கினால் காது அடைக்கும், ஒழுங்காகத் தும்மு.

இங்கே ஒரு புதிர் கிடைத்திருக்கிறது. கை அரிக்கிறது, உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்து வருடப் பதிவேடுகளைப் படிக்கச் சொன்னார்கள். சும்மா புரட்டினேன். பிறகு சும்மா இருக்க முடியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒரு நாள் வராதவர் மறுநாள் வந்துவிடுகிறார். இரண்டு நாள் வராதவரும் வந்துவிடுகிறார். மூன்று நாள் வராதவர்களில் பாதிப்பேர் முப்பது நாள் வருவதில்லை. சிலர் வருவதே இல்லை. மூன்றாம் நாளில் அப்படி என்ன நடக்கிறது? உடம்பு சரியில்லை என்றால் நாலாம் நாளோ ஏழாம் நாளோ சரியாகியிருக்குமே!

ஹா சாரிடம் கேட்டேன். "பசங்கன்னா அப்படித்தாம்மா" என்று ஒரு ஹாவோடு முடித்துவிட்டார்.

பதினைந்து நாள் வராவிட்டால் பெற்றோருக்குப் போகும் கடிதத்துக்கு இங்கே நான்காம் எண் கடிதம் என்று பெயர். என் பயிற்சி வேலை அதைத் திருத்தி எழுதுவது. இப்போது இருக்கும் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், ஒரே தாள்தான். நீ மாணவியாக இருந்து படித்துப் பார்த்து எழுது.

அறிகுறிகளையும் தொகுத்து வருகிறேன். வராமல் நிற்கிறவர் முதலில் நூலகப் புத்தகத்தைத் திருப்புவதில்லை. பிறகு தோழர்களைப் பற்றிப் பேசுவதில்லை. பிறகு பரீட்சைத் தேதி கேட்டால் பேச்சை மாற்றுகிறார். துப்பறியும் வேலை மாதிரி இருக்கிறது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்.

ஆசையுடன்,
அம்மா

—

செப்டம்பர் 4
(எழுதியது, அனுப்பாதது)

அம்மா,

நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் நலமில்லை.

போன வியாழக்கிழமை தலைவலி. வாந்தி வேறு. அன்றைக்கு வகுப்புத் தேர்வு இருந்தது, போகவில்லை. வெள்ளிக்கிழமை போனேன். துறைத் தலைவி வாசலிலேயே நிறுத்தி, "தேர்வுக்கு வராதவங்க அப்பா, அம்மா யாரையாவது கூட்டிட்டு வந்துட்டு உள்ள போகலாம்" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். சரி மேடம் என்று திரும்பிவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லலாம்தான். சொன்ன ஐந்தாவது நிமிடம் அவர் உனக்குப் போன் செய்வார். ஆறாவது நிமிடம் நீ பெட்டி கட்டுவாய். "தலைவலி முத்திப்போச்சா, ஸ்கேன் எடுக்கணுமா" என்று ஐந்து நாள் பத்து நாளாகும். இன்னொரு தடவை என்னால் நீ படிப்பை விட்டால் அதற்கப்புறம் நான் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இரண்டு நாள் பொறுத்தால் மேடம் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால், இரண்டு நாள் ஏன் வரவில்லை என்று அதற்கும் சேர்த்துக் கேட்பார்களே என்று பயம் வந்துவிட்டது. இன்றோடு ஆறு நாள். ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

எட்டரைக்குப் பையோடு கிளம்புகிறேன். பொது நூலகத்தில் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி எனக்கென்று ஆகிவிட்டது. பாடம்தான் படிக்கிறேன், சத்தியமாக. நாலரைக்கு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு வகுப்பு எப்படி?" என்று அப்பா கேட்டால், "நல்லா இருந்துச்சுப்பா" என்கிறேன்.

உன் புதிருக்கு விடை எனக்குத் தெரியும் அம்மா. அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாது.

—

செப்டம்பர் 5

அன்புள்ள துப்பறியும் அம்மாவுக்கு,

நாங்கள் நலம். அப்பா உப்பைக் குறைத்துவிட்டார், கூடவே ருசியையும்.

வகுப்பு நன்றாகப் போகிறது. நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகத்தையும் நேற்றே திருப்பிவிட்டேன். என் பக்கத்துப் பெஞ்சுக்காரி நலம், நேற்றுகூடப் பேசினோம். பருவத் தேர்வு டிசம்பர் முதல் வாரம். எல்லாம் சரியாக இருக்கிறது.

உன் புதிரைப் பற்றி யோசித்தேன். மூன்றாம் நாளில் என்ன நடக்கிறது என்று பதிவேட்டைக் கேட்காதே. மூன்று நாள் கழித்துத் திரும்பி வருகிறவர் உங்கள் கல்லூரியில் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், அவர் என்ன சொல்வார் என்று விசாரித்துப் பாரேன். சும்மா தோன்றியது.

கடிதத்தைப் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன். படிப்பு நிறைய இருக்கிறது.

உன்,
வாலு

—

செப்டம்பர் 16

என் கெட்டிக்கார வாலுக்கு,

நலம், நலம், மிக நலம்! உன்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல் இருக்கிறது. நீ சொன்னபடி ஒவ்வொரு துறை வாசலிலும் போய் நின்றேன். ஒரு வாரம் மூக்கை நுழைக்காத இடம் இல்லை. கடைசியில் ஒரு பெண், "மூணு நாள் வரலைன்னா அப்பா அம்மா நேர்ல வரணும் ஆன்ட்டி. எங்க அப்பா வர ஒரு நாள் ஆகும், அவருக்கு ஒரு நாள் கூலி போகும். அதான் சொல்லவே இல்ல" என்றாள். அவள் வராத நாட்கள் நாற்பத்தொன்று. மூன்று நாள் காய்ச்சல், மீதி முப்பத்தெட்டு நாள் பயம்.

அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினேன். மாணவர் கையேட்டில் இல்லை. கல்லூரி விதித் தொகுப்பில் இல்லை. ஹா சாரிடம் கேட்டால், "எப்பவும் இருக்கும்மா" என்றார். எப்பவும் என்றால் எப்போதிலிருந்து? பன்னிரண்டு அலமாரியையும் ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. ஒன்பதாவது அலமாரியில் கிடைத்தது. பதினோரு வருடம் முன்பு ஏழு பேர் வகுப்பை விட்டுவிட்டுச் சொல்லாமல் சுற்றுலா போயிருக்கிறார்கள். அந்த ஏழு பேரும் பெற்றோரோடு வர வேண்டும் என்று ஓர் அறிவிப்பு. அடியில் "இரண்டு வாரங்களுக்கு மட்டும்" என்றே போட்டிருக்கிறது! அறிவிப்பை ஒட்டினார்கள், எடுக்க மறந்துவிட்டார்கள். பதினோரு வருடமாக யாரும் கேட்கவில்லை.

ஹா சார் அந்தத் தாளைப் படித்துவிட்டு முத்திரையைக் கீழே வைத்தார். ஊதவில்லை. அன்று மாலை அவரே என்னைப் பதிவாளரிடம் கூட்டிக்கொண்டு போனார். விதியை நிறுத்தி வைக்கிறோம், புதுக் கடிதத்தை ஒரு மாதம் அனுப்பிப் பார்ப்போம் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். சீக்கிரம் உன் கருத்து வேண்டும்.

உனக்கு எப்படித் தோன்றியது, சொல்லேன்? எனக்குப் பத்தொன்பது வருட அனுபவத்தில் தோன்றாதது!

ஆசையுடன்,
அம்மா

—

செப்டம்பர் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அப்பாவும் நலம். எப்படித் தோன்றியது என்று கேட்டால் என்ன சொல்வது, உன் மகள் இல்லையா!

அந்தக் கடிதத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். முதலில், அது மாணவரைப் பற்றியதுதான், ஆனால் மாணவருக்கு எழுதப்படவில்லை. ஏதோ காணாமல் போன சாமானைப் பற்றி உரிமையாளருக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. வரவில்லை, வரவில்லை என்று மூன்று இடத்தில் இருக்கிறது. வரலாம் என்று ஓர் இடத்திலும் இல்லை. வரவேண்டும் என்று நினைப்பவர் எந்த அறைக்கு, எத்தனை மணிக்கு, யாரிடம் வர வேண்டும்? தெரியாமல் எப்படி வருவார்? அடியில் ஒரு போன் நம்பர் போட்டிருக்கிறார்கள், அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. மூன்று தடவையும் எடுக்கவில்லை என்றால் நாலாவது தடவை கூப்பிட யாருக்கு மனசு வரும்? எடுக்க ஆளில்லை என்றால் நம்பர் எதற்கு?

பிறகு, பெற்றோருக்கு எழுதுமுன் மாணவருக்கு எழுதி ஒரு வாரம் கொடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். எங்கே இருக்கிறாய் என்று கேளுங்கள்.

அவ்வளவுதான். கடிதம் நீண்டுவிட்டது.

உன்,
வாலு

—

அக்டோபர் 7

அம்மா,

நலமா? பன்னிரண்டு நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய், என்னைக் கேட்பதில்லையாம். ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

வாலு

—

அக்டோபர் 10

என் கண்ணே,

உடம்புக்கு நலம். உன் இரண்டு வரி வந்தது. நீ ஒன்றும் தப்பாக எழுதவில்லை. எழுதவே தெரியாமல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

நான் அனுப்பிய தாளில் போன் நம்பரே கிடையாது. எங்கள் பிரிவில் நம்பர் போடுவதில்லை. போட்டால் கூப்பிட்டுவிடுவார்கள் என்று ஹா சாருக்குப் பயம். அப்படியானால் நீ மூன்று தடவை அடித்துப் பார்த்தது எந்தக் கடிதத்தின் நம்பர்?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய கடிதங்களையெல்லாம் எடுத்தேன். நான் அறிகுறிகளை எழுதினேன். அடுத்த கடிதத்தில் நீ நூலகப் புத்தகம், தோழி, பரீட்சைத் தேதி மூன்றையும் வரிசை மாறாமல் எழுதியிருக்கிறாய். நான் ஒன்றையும் கேட்கவில்லையே! திரும்பி வருகிறவர் யாரைப் பார்க்க வேண்டும், அவர் என்ன சொல்வார் என்று நீ எழுதியதும் சும்மா தோன்றியது இல்லை, உன் துறை வாசலில் நடந்ததுதான். ஊரார் வீட்டுப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று ஒன்பது அலமாரி புரட்டினேன். என் பிள்ளை மேஜைமேலேயே இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போது கண் மறைக்கிறது.

நிஜத்தைச் சொல்கிறேன். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே துணியெல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டேன். பஸ் நிலையம்வரை போய்விட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர் நிற்கும்போது நீ ஆகஸ்டில் எழுதியது நினைவுக்கு வந்தது. "இந்தத் தடவை நான் தும்மக்கூட மாட்டேன்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ பயந்தது துறைத் தலைவிக்கு இல்லை, இந்தப் பெட்டிக்கு. நான் வந்து நின்றால் நீ பயந்தது நடந்துவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் நீ என்னிடம் எதையும் சொல்லமாட்டாய். திரும்பி நடந்தேன். கோபம் வந்தது, உன்மேல் பாதி, என்மேல் மீதி. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. மன்னித்துவிடு.

எத்தனை நாள் போயிற்று என்று எனக்குத் தெரியாது. உங்கள் கல்லூரிக் கையேட்டைப் பள்ளி அலுவலகப் பழக்கத்தில் நீ சேர்ந்தபோதே படித்து வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு நாள்வரை துறைத் தலைவி பரிந்துரைத்தால் பரீட்சை எழுதலாம். அதற்கு மேல் போனால் இந்த வருடம் போய்விடும். எண்ணிப் பார், இன்றே எண்ணிப் பார். பெற்றோர் நேரில் வரவேண்டும் என்று உங்கள் கையேட்டிலும் எங்கும் இல்லை.

பெட்டி கட்டினால் வருவது எனக்கு ஒரு நாள் வேலை. நீ "வா" என்று ஒரு சொல் எழுது, தொண்ணூறாவது, நூறாவது, எதுவானாலும் போகட்டும், வந்துவிடுவேன். அது தோல்வி இல்லை. ஆனால் எழுதாமலும் நீயே போகலாம். அப்பாவிடம் சொல்வதும் கூட்டிப்போவதும் உன் இஷ்டம். நான் அவரிடம் மூச்சுவிடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை, வயிறு வலிக்கிறது.

புது நான்காம் எண் கடிதம் அச்சாகி வந்துவிட்டது. நீ சொன்னது அத்தனையும் இருக்கிறது. போன வாரம் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினோம், ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். அடியில் நம்பர் இருக்கிறது. போன் என் மேஜையில்தான். பதின்மூன்றாவது கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதி எனக்குத் தெரியாது. நீயே நிரப்பிக்கொள்.

அம்மா

(இணைப்பு)

அன்புள்ள மாணவிக்கு,

________ முதல் உங்களை வகுப்பில் காணவில்லை. உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கே இருக்கிறீர்கள்? எப்படி இருக்கிறீர்கள்? எந்த நாளும் பத்து மணி முதல் நாலு மணிவரை வரலாம். தனியாக வந்தால் போதும். வரமுடியாவிட்டால் கீழே உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள். எடுப்போம்.

—

அக்டோபர் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாக நலம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்து, அங்கேயே அழுது, அங்கேயே எண்ணினேன். முப்பத்துமூன்று. நீ கேட்ட அந்த நம்பர் எங்கள் கல்லூரி அப்பாவுக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்தது, அவர் பார்க்குமுன் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். "வா" என்று எழுதத் தாள் எடுத்தேன், பொய் சொல்லமாட்டேன். எழுதி, பார்த்து, மடித்து வைத்துவிட்டேன். உனக்கு இத்துடன் ஒரு பழைய கடிதமும் அனுப்புகிறேன். செப்டம்பர் நாலாம் தேதி எழுதியது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

செவ்வாய் மாலை அப்பாவிடம் சொன்னேன். ஐந்து நிமிடம் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஆறாவது நிமிடம் போனை எடுத்தார். பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா? அவளா?" என்று அதற்குத்தான் அதிகம் ஆச்சரியப்பட்டார். பிறகு என் தலையில் கையை வைத்து ரொம்ப நேரம் எடுக்கவில்லை. புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கூடவே வந்தார். வாசலில் நிற்கச் சொன்னேன். நின்றார்.

துறைத் தலைவியின் அறைக்குள் போனேன். தேதியை நிரப்பி உன் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"இது நம்ம காலேஜ் லெட்டர் இல்லையே?"

"எங்க அம்மா காலேஜ் லெட்டர் மேடம்."

"அம்மா அங்க வேலை பாக்கறாங்களா?"

"படிக்கிறாங்க மேடம். ஆபீஸ் நடத்தறதுக்குப் படிக்கிறாங்க."

"அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னேனே?"

"அப்பா கேட்ல நிக்கிறாங்க மேடம், கூப்பிடணும்னா கூப்பிடறேன். ஆனா வராதது நான். அதனால நான் வந்தேன்."

"அம்மா ஏன் வரல?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"வந்தா அவங்களுக்கு அட்டெண்டன்ஸ் குறைஞ்சிடும் மேடம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடிதத்தின் அடியைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார். ஒரு மணி. இரண்டாவது மணி முடியுமுன் உன் குரல் எனக்கே கேட்டது: "வருகைப் பதிவுப் பிரிவு, சொல்லுங்க." வீட்டில் நான் கேட்டதே இல்லாத குரல், அதிகாரிக் குரல். பின்னால் யாரோ "ஹா" என்று ஊதியதுகூடக் கேட்டது.

அவர் தன் பெயரைச் சொன்னார். அப்புறம் நாலு நிமிடம் நீதான் பேசினாய். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டதால் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் "ம்" என்றார், "சரிங்க" என்றார், ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வைத்துவிட்டு, பரிந்துரைத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "மூணாவது பெஞ்ச் காலியாத்தான் இருக்கு, போ" என்றார். நான் கதவுவரை போனதும், "உன் தலைவலிக்கு டாக்டரைப் பாத்தியா?" என்று கேட்டார். அதை அவருக்கு யார் சொன்னது?

நாலு நிமிடம் அவரிடம் என்னதான் சொன்னாய்? என் தலை வெடித்துவிடும் போல் இருக்கிறது. போனில் சொல்லாதே, எனக்கு "ம்" கொட்டத்தான் தெரியும். கடிதத்தில் எழுது, ஒரு வார்த்தை விடாமல். அரைப் பக்கமெல்லாம் போதாது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. என் கணக்குப்படி உனக்கு ஐம்பத்தைந்து நாள் ஆகியிருக்கும். எனக்கு மூன்று.

உன்,
வாலு